துணிக் குழாயில் ஏறிய பாட்டு

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் மடிப்பு மேசைத் தங்கை வணக்கத்துடன் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்று தொடங்கத்தான் நினைத்தேன். பாதி நலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதிப் பாதியைக் கீழே எழுதுகிறேன்.

போன வாரம் உங்களுக்குப் போன் செய்தேன். உங்கள் மகன் எடுத்தார். "அம்மா பக்கத்துலதான் இருக்காங்க. நீங்க பேசுங்க, கேட்டுக்குவாங்க" என்று போனை உங்கள் காதில் வைத்துவிட்டார். எனக்குப் பேச்சே வரவில்லை அக்கா. தொண்டையில் ஆபரேஷன் ஆனது உங்களுக்கு, வாயடைத்து நின்றது நான். என்ன பேசுவதென்று தெரியாமல் "அங்க மழையா?" என்று கேட்டேன். உங்களால் பதில் சொல்ல முடியாது என்பது கேட்ட பிறகுதான் உறைத்தது. அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், இனிமேல் கடிதம்தான் என்று. கடிதத்தில் யாருக்கும் குரல் தேவையில்லை.

உங்கள் மகன் இன்னொன்றும் சொன்னார். ரேடியோவில் பாட்டு வந்தால் எழுந்து போய் அணைத்துவிடுகிறீர்களாம். அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை.

வீட்டு நிலவரம் கேட்பீர்கள். அவர் லாரியோடு போனவர் இன்னும் திரும்பவில்லை. மகளுக்கு முன்பற்கள் விழுந்துவிட்டன. 'ச' வருகிற வார்த்தையெல்லாம் காற்றாகப் போகிறது. கண்ணாடி முன் நின்று தன்னைத் தானே பார்த்துச் சிரித்துக்கொள்கிறாள். எனக்கு முதுகு வலி அப்படியேதான். நீங்கள் சொன்னபடி மேசைக்கடியில் ஒரு பலகை போட்டு ஒரு காலை மாற்றி மாற்றி வைத்துக்கொள்கிறேன், பரவாயில்லை.

உங்களிடம் ரொம்ப நாளாகச் சொல்ல நினைத்து விட்டுப்போன ஒன்று இருக்கிறது. நீங்கள் அத்தனை வருஷமும் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தின் அழுக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டீர்கள். உங்கள் பாட்டு சுவர் தாண்டி எங்கள் பக்கம் எப்படிக் கேட்டது என்று உங்களுக்கு யாரும் சொன்னதே இல்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் சுத்தப் பக்கத்தில் யாரும் யாரோடும் பேசமாட்டார்கள். நடுவே அந்தப் பெரிய சுவர். சுவருக்குள் பதித்த மெஷின்களில் அந்தப் பக்கம் நின்று நீங்கள் அழுக்குத் துணியைத் திணிப்பீர்கள், இந்தப் பக்கம் நாங்கள் வெளுத்த துணியை உருவுவோம். குளித்து உடை மாற்றாமல் ஒருவரும் தாண்டக்கூடாது. கண்ணாடி ஜன்னலில் முகக்கவசத்துக்கு மேலே இரண்டு கண்கள் தெரியும். எனக்குத் தெரிந்த நீங்கள் அவ்வளவுதான். வருவேன், மடிப்பேன், போவேன். பக்கத்து மேசைக்காரிக்கு எத்தனை பிள்ளைகள் என்றுகூடத் தெரியாது.

ஒரு நாள் தேநீர் வேளையில் மெஷின்கள் ஓய்ந்திருந்தன. சீட்டு கொடுக்கும் அந்தச் சின்னத் துளை வழியாக ஒரு குரல் வந்தது.

எந்தக் கட்டில் விட்டு வந்தே, வெள்ளைத் துணியே?

எல்லோரும் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டோம். மறுநாளும் கேட்டீர்கள். அதற்கடுத்த நாளும் கேட்டீர்கள். பதில் வராத கேள்வியை அப்படி விடாமல் கேட்கிறவரை நான் பார்த்ததே இல்லை அக்கா. கடைசியில் எனக்குப் பொறுக்கவில்லை. கையிலிருந்த துணியைப் பார்த்துக்கொண்டே, எந்தக் கட்டில் தேடிப் போவே, வெள்ளைத் துணியே என்று பாடிவிட்டேன். பாடிய கையோடு வெட்கம் பிடுங்கித் தின்றது. சுவருக்கு அந்தப் பக்கம் கையுறையோடு நீங்கள் கைதட்டிய சத்தம் மட்டும் தப் தப்பென்று கேட்டது. அப்புறம் பக்கத்து மேசைக்காரி சேர்ந்தாள். அவளுக்கு மூன்று பிள்ளைகள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

பாய்லர் அண்ணனும் ரோலர் மாமாவும் எப்படி இருந்தார்கள் என்று நினைவிருக்கிறதா? எந்தக் காலத்திலோ தேய்க்கிற உருளையில் விரிப்புகள் தீய்ந்துபோய், உன் ஆவி அதிகம், உன் உருளை கோளாறு என்று சண்டை போட்டவர்கள். அதற்குப் பிறகு கை எட்டும் தூரத்தில் நின்றுகொண்டே, "ஆவி பத்தலைன்னு அவருகிட்ட சொல்லுங்க" என்று ரோலர் மாமா நடுவில் நிற்கும் மேற்பார்வையாளரிடம் சொல்வார். "அவரு மெஷினைத் துடைக்கச் சொல்லுங்க" என்று பாய்லர் அண்ணனும் அவரிடமே சொல்வார். நம் விசில்காரர், அதுதான் மேற்பார்வையாளர், ஊதுவதை விட்டுவிட்டுத் தூது போய்க்கொண்டிருப்பார்.

நம் பாட்டுக்கு பாய்லர் அண்ணன் காலி சோப்புத்தூள் டிரம்மைத் தட்ட ஆரம்பித்தார். ரோலர் மாமா சட்டைப்பையிலிருந்து மவுத் ஆர்கனை எடுத்தார். அவரிடம் அப்படி ஒன்று இருப்பதே நமக்குத் தெரியாது. டிரம் ஓடுகிறது, மவுத் ஆர்கன் மூச்சு வாங்கிக்கொண்டே பின்னால் போகிறது. தூது விட்டால் பாட்டு நின்றுவிடும். வேறு வழியில்லாமல் மாமா அண்ணனின் முகத்தைப் பார்த்தே சொன்னார்: "கொஞ்சம் மெதுவா அடிங்க, மூச்சு முட்டுது." அதற்கு அண்ணன், "முதல்லயே சொல்லக் கூடாதா?" என்றார். எத்தனை வருஷத்துக்குப் பிறகு பேசிய பேச்சு அது! சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த உங்களுக்கு டிரம்மின் வேகம் குறைந்தது மட்டும்தான் கேட்டிருக்கும். இந்தப் பக்கம் நாங்கள் ஒருவர் கையை ஒருவர் கிள்ளிக்கொண்டு நின்றோம்.

இப்போது அந்த மீதிப் பாதிக்கு வருகிறேன்.

நீங்கள் வேலையை விட்டுப் போன பிறகும் நாங்கள் பாட்டை விடவில்லை. உங்கள் வரியை ரோலர் மாமா மவுத் ஆர்கனில் வாசிப்பார், நாங்கள் பதில் பாடுவோம். போன மாதம் பாய்லர் அண்ணனின் மகளுக்கு இதே ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. சேதி வந்ததும் அண்ணன் நேரே ரோலர் மாமாவிடம் ஓடினார். "யோவ், தாத்தா ஆயிட்டேன்யா!" என்று அவரைத் தூக்காத குறை. அன்றைய தேநீர் வேளையில் ஒரே கூத்து. பாட்டையே குழந்தைக்கு மாற்றிப் பாடி, கத்தி, சிரித்தோம்; விசில்காரரே தாளம் தப்பி விசில் ஊதினார்.

மாடிகளிலிருந்து அழுக்குத் துணி விழுகிற குழாய் உங்கள் இடத்துக்குப் பக்கத்தில்தானே வாயைத் திறந்திருக்கும். சீட்டுத் துளை வழியே போய், துணி இறங்குகிற வழியில் பாட்டு ஏறும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. மூன்றாம் மாடியில், குழாயை ஒட்டிய அறையில், அந்த நேரம் ஒருவருக்கு உயிர் பிரிந்துகொண்டிருந்திருக்கிறது. பக்கத்தில் அவர் மனைவி.

அந்த அம்மா சத்தம் போடவில்லையாம். "கீழ யாரு அப்படிச் சிரிக்கிறாங்க?" என்று மட்டும் சிஸ்டரிடம் கேட்டாராம்.

மறுநாள் பாட்டுக்குத் தடை. விசில்காரர் முகத்தை எங்கோ வைத்துக்கொண்டு, "இனிமே வேண்டாம், அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டுப் போனார். யாரும் அவரைக் கோபிக்கவில்லை. எங்களுக்குள்தான் அடித்துக்கொள்கிறோம். குழாய் மூடி திறந்திருந்தது யாரால் என்று உங்கள் இடத்துக்கு வந்திருக்கும் புது அம்மாவைப் பிடித்துக்கொண்டார்கள் சிலர். அவர் சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு தனியாகப் போய் உட்கார்ந்துவிட்டார். பாய்லர் அண்ணன் டிரம்மைக் கண்ணில் படாதபடி அலமாரிக்குப் பின்னால் தள்ளிவிட்டார். "என் வீட்டுச் சந்தோஷம் போய் இன்னொரு வீட்டுச் சாவுல விழுந்துடுச்சே" என்கிறார், பேத்தியைப் பார்க்கக்கூட மாடி ஏறவில்லை. பழைய சண்டை திரும்பிவிடுமோ என்று பயந்தேன். அது மட்டும் நடக்கவில்லை. ரோலர் மாமா இரண்டு தேநீர் வாங்கிவந்து, ஒன்றை அவர் கையில் கொடுத்துவிட்டு, பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார். தினமும்.

எங்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை அக்கா. நாலு வரி எழுதுங்கள், திட்டியாவது எழுதுங்கள்.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். மகனுக்கும் மருமகளுக்கும் என் அன்பு.

உங்கள் சொல்லுக்குக் காத்திருக்கும்,
மடிப்பு மேசைத் தங்கை


அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நாலு வரி கேட்டேன், எண்ணினாற்போல நாலே வரி எழுதியிருக்கிறீர்கள். பாட்டைப் பற்றி எனக்கு எழுதாதே என்பது முதல் வரி. அதற்குக் கீழே, குழாய் மூடியைச் சாத்திவிட்டுத்தான் நான் வாயைத் திறப்பேன், புது அம்மாவிடம் அதைச் சொல்லாமல் வந்தது என் பிசகு, அவரைத் திட்டாதீர்கள் என்று. கடைசியில் ஒரு கேள்வி: அந்த வீட்டம்மாவை யாராவது போய்ப் பார்த்தீர்களா?

தேநீர் வேளையில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். ஒருவரும் நிமிரவில்லை. யாரால், யாரால் என்று கத்திக்கொண்டிருந்த நாங்கள், அவரைப் பார்க்க வேண்டும் என்று நினைக்கவே இல்லை. ரோலர் மாமா எழுந்து நேராகப் புது அம்மாவிடம் போய், கண்ணாடி வழியாகக் கைகூப்பினார். அவர் முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்புறம் கையுறையைக் கழற்றித் திருப்பிக் கும்பிட்டார்.

நீங்கள் அத்தனை வருஷமும் மூடியைச் சாத்திவிட்டுப் பாடியிருக்கிறீர்கள். நாற்றத்துக்காக என்று நினைத்திருந்தோம்.

மூன்றாம் மாடி சிஸ்டரிடம் சொல்லி வைத்தோம். அந்த அம்மா ஏதோ சான்றிதழ் வாங்க வருகிற நாளில் சேதி சொன்னார். நானும் பாய்லர் அண்ணனும் ரோலர் மாமாவும் போனோம். விசில்காரர் "நானும் வரேன்" என்று சட்டையைச் செருகிக்கொண்டு வந்தார். காத்திருக்கும் பெஞ்சில் அந்த அம்மா தனியாக இருந்தார். மடியில் ஒரு பை, அதற்குள்ளிருந்து கணவரின் மூக்குக் கண்ணாடிக் கூடு தெரிந்தது.

நான்தான் சொன்னேன், கீழே சிரித்தது நாங்கள்தான், இவருக்குப் பேத்தி பிறந்த சந்தோஷம், மேலே கேட்கும் என்று தெரியாது, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று. அவர் எங்கள் நாலு பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார். அழுவார் என்று நினைத்தேன், அழவில்லை. "பாட்டு பரவாயில்ல. அந்தச் சிரிப்புதான் இன்னும் காதுல நிக்குது" என்றார். பிறகு, "மேல யாரு எப்படிக் கிடக்குறாங்கன்னு உங்களுக்குத் தெரிய வேண்டாமா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்ட மாதிரி இருந்தது.

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை, சொல்ல வேண்டும் என்று நாங்களும் நிற்கவில்லை. கிளம்பும்போது மட்டும் அண்ணனைப் பார்த்து, "குழந்தை நல்லா இருக்கா?" என்றார். அண்ணன் தலையை ஆட்டினார். லிஃப்ட் வரை வந்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். விசில்காரர் அவர் தோளில் கைவைத்து நின்றார். அன்றைக்கு மாலை அண்ணன் பேத்தியைப் பார்க்க மகள் வீட்டுக்குப் போனார், ரோலர் மாமாவையும் கூட்டிக்கொண்டு. குழந்தை மாமாவின் விரலைத்தான் விடாமல் பிடித்துக்கொண்டதாம். அதற்கு ஒரு பொறாமைச் சண்டை. இதை நடுவில் ஆள் வைக்காமல் நேராகவே போட்டுக்கொண்டார்கள்.

மூடியைச் சாத்திவிட்டால் போதும் என்று சிலர் சொன்னார்கள். "சாத்தினா அவங்களுக்குக் கேக்காது. நமக்குத் தெரியாமலே போயிடுமே. அந்தம்மா கேட்டது அதையில்ல" என்று ரோலர் மாமா ஒத்துக்கொள்ளவில்லை. அந்தப் பேச்சை மூன்றாம் மாடி சிஸ்டரிடம் கொண்டுபோனது யார் தெரியுமா? தடை போட்ட விசில்காரரேதான். மாடி மாடியாக ஏறி இறங்கினார் மனுஷர். மூச்சிரைக்க வந்து சொன்னார்: எந்த வார்டிலாவது ஒருவர் கடைசி நிலையில் இருந்தால், சிஸ்டர் ஒரு தலையணை உறையை முடிச்சுப் போட்டுக் குழாயில் விடுவார். முடிச்சு வந்தால் கீழே பாட்டு இல்லை, சத்தப் பேச்சும் இல்லை. முடிச்சு வராத நாளில், மூடியைச் சாத்திக்கொண்டு, தேநீர் முடிகிற வரை பாடலாம்.

பாட்டைப் பற்றி எழுதாதே என்றீர்கள். அதனால் முதலில் பாடாத நாளைப் பற்றி எழுதுகிறேன்.

முதல் முடிச்சு வந்தது ஒரு திங்கட்கிழமை. தேநீர் வேளை. அண்ணன் டிரம்மை மடியில் வைத்து, கையை ஓங்கிவிட்டார். புது அம்மா கண்ணாடிக்கு வந்து அந்த உறையைத் தூக்கிக் காட்டினார். அண்ணனின் கை அந்தரத்தில் அப்படியே நின்றது, பிறகு சத்தமில்லாமல் இறங்கியது. யாரும் யாருக்கும் ஜாடை காட்டவில்லை. தேநீர் டம்ளரை மேசையில் வைக்கிற சத்தம்கூடக் கேட்காதபடி வைத்தோம். இடைவேளை முடிந்து மெஷின்கள் ஓடத்தான் வேண்டும், ஓடின. அப்போதும் யாரும் வாயைத் திறக்கவில்லை. பெரிய விரிப்பை நானும் பக்கத்து மேசைக்காரியும் ஆளுக்கொரு முனையாகப் பிடித்து மடித்தோம். ஒன்றாக முன்னே வந்தோம், ஒன்றாகக் கைமாற்றினோம். எண்ணிக்கை சொல்லவில்லை, ஒரு மடிப்புகூடப் பிசகவில்லை. சேர்ந்து பாடிப் பழகியவர்களால்தான் அப்படிச் சேர்ந்து சும்மா இருக்க முடியும் என்று அன்றைக்குப் புரிந்தது. மேலே யார் என்று எங்களுக்குத் தெரியாது. ஆணா, பெண்ணா, வயதா, ஒன்றும் தெரியாது. ஆனால் அந்த ஒரு வேளை, அவருக்காகக் கீழே ஒரு கூடம் நிறைய ஆட்கள் அடக்கமாக இருந்தோம்.

நீங்கள் இல்லாவிட்டால் இவர்களை எனக்கு யாரென்றே தெரிந்திருக்காது. இதைப் புகழ்ச்சி என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து எழுதப்போவது பாட்டு சம்பந்தப்பட்டதுதான், கோபித்துக்கொள்ளாதீர்கள். எங்களுக்குள் தீராத ஒரு பஞ்சாயத்து வந்திருக்கிறது, உங்களைத் தவிர யாராலும் தீர்க்க முடியாது.

முடிச்சு இல்லாத நாளில் மறுபடி பாட உட்கார்ந்தோம். அண்ணன் தாளம் போட்டார். உங்கள் வரி வருகிற இடத்தில் ரோலர் மாமா மவுத் ஆர்கனை உதட்டருகே கொண்டுபோனார், வாசிக்கவில்லை. "என்னால முடியல" என்று கீழே வைத்துவிட்டார். என்ன என்று கேட்டதற்கு, "'எந்தக் கட்டில் விட்டு வந்தே'ன்னு இத்தனை நாளா விளையாட்டா ஊதிட்டேன். அது விளையாட்டுக் கேள்வி இல்ல. அக்கா தெரிஞ்சு கேட்டாங்க, நான் தெரியாம ஊதினேன்" என்றார்.

யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னது சரிதான் அக்கா. சுத்தப் பக்கத்தில் எங்களுக்கு வருவது வெள்ளை வெளேரென்று, சூடாக, சோப்பு வாசனையோடு. எங்கே போவாய் என்று கேட்பது எங்களுக்குச் சுலபம். அந்தத் துணி எங்கிருந்து வந்தது என்று ஒவ்வொரு நாளும் கையால் பிரித்துப் பார்த்தவர் நீங்கள். ரத்தத்தையும் வியர்வையையும் பார்த்த பிறகு, அதைப் பாட்டாக்கி, துளை வழியாக எங்களிடம் தள்ளினீர்கள். நாங்கள் என்னவோ நீங்கள் உற்சாகமான பெண்மணி என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

இப்போது அந்த வரியின் நீளத்துக்கு டிரம் மட்டும் ஒலிக்கிறது. யாரும் பாடுவதில்லை. வரி முடிகிற இடத்தில் நாங்கள் பதிலைத் தொடங்குகிறோம், கேட்காத கேள்விக்கு. அண்ணன் சொல்கிறார், அப்படியே காலியாக இருக்கட்டும், அது அக்காவின் இடம் என்று. பக்கத்து மேசைக்காரி சொல்கிறாள், காலியாக விட்டால் உயிரோடு இருக்கிறவருக்குப் படம் மாட்டி மாலை போட்டது போல இருக்கிறது, எனக்குப் பிடிக்கவில்லை என்று. எனக்கு இரண்டும் சரியாகத் தெரிகிறது. நேற்று கண்ணாடி வழியாகப் பார்த்தேன், அந்தக் காலி இடம் வரும்போது புது அம்மாவின் முகக்கவசம் அசைந்தது. உள்ளே உதடு எதையோ சொல்கிறது. சத்தம் வரவில்லை. அவருக்குத் தைரியம் இல்லையா, உரிமை இல்லை என்று நினைக்கிறாரா, தெரியவில்லை.

அடுத்த மாதம் டாக்டரிடம் காட்ட நீங்கள் இங்கே வரவேண்டியிருக்கிறது என்று உங்கள் மகன் சொன்னார். வர மறுக்கிறீர்கள், அங்கேயே வேறு டாக்டரைப் பார்த்துக்கொள்ளலாம் என்று எழுதிக் காட்டினீர்கள் என்றும் சொன்னார். ஏன் என்று அவர் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

வாருங்கள் அக்கா. டாக்டரைப் பார்த்துவிட்டு, பின்பக்கச் சரிவு வழியாகக் கீழே இறங்குங்கள். யாரும் உங்களைப் பேசச் சொல்லமாட்டார்கள், கழுத்தில் கட்டியிருக்கும் துணியைப் பற்றிக் கேட்கமாட்டார்கள். அழமாட்டோம் என்று மட்டும் உறுதி சொல்ல முடியாது, விசில்காரருக்கு இப்போதே மூக்கு சிவந்திருக்கிறது. எங்கள் பக்கம் வந்து நில்லுங்கள், நீங்கள் ஒரு நாளும் நிற்காத சுத்தப் பக்கத்தில். அண்ணன் தாளம் போடுவார். அந்த வரி வரும்போது கையை நீட்டி ஒருவரைக் காட்டுங்கள். நீங்கள் யாரைக் காட்டுகிறீர்களோ அவர் பாடுவார், குரல் நன்றாக இருந்தாலும் சரி, உடைந்தாலும் சரி. யாரையும் காட்டாமல் திரும்பிப் போனாலும் நாங்கள் வருத்தப்படமாட்டோம். அதுவும் நீங்கள் சொன்ன பதில்தான்.

ஆனால் எங்களுக்குக் கேள்வி கேட்கக் கற்றுக்கொடுத்துவிட்டு, நீங்கள் மட்டும் பதில் சொல்லாமல் இருந்துவிடாதீர்கள்.

நீங்கள் நன்றாக இருக்க வேண்டும் என்று, முடிச்சு வருகிற நாளிலும் வராத நாளிலும் நினைத்துக்கொண்டிருக்கும்,

சுத்தப் பக்கத்தார் எல்லோருக்காகவும்,
மடிப்பு மேசைத் தங்கை